குழுவில் போட்டாயிற்று!

"குழுவில் போட்டிருந்தேனே, பார்க்கவில்லையா?" இன்றைய காரியாலயங்களில் மேலதிகாரி கையில் இருக்கும் மிக மலிவான ஆயுதம் இந்தக் கேள்விதான். காகிதம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், யோசனையும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலால் நாலு சொல்லைத் தட்டிவிட்டால் உத்தரவு பிறந்துவிடுகிறது. அதன் கீழே இருபது பேர் "ஓகே ஸார்" என்று வரிசையாகக் கும்பிடு போடுகிறார்கள். இதற்குப் பெயர் கூட்டுழைப்பாம்!

குறுஞ்சேதிக்கு நான் விரோதியல்ல. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, யார் எந்த மாடியில் நிற்கிறார்கள், எங்கே படகு வேண்டும் என்று டுவிட்டரும் வாட்ஸ்அப்பும் சொன்னதை மறக்க முடியுமா? ஆபத்து மணி அடிக்க அருமையான கருவி. ஆனால் நாள் முழுவதும் மணியே அடித்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடப்பது?

சுருக்கமாகச் சொல்வது நல்லதுதானே என்று வாசகர் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அந்தச் சுருக்கத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி நின்றுபோகிற வரையில், தந்தி கொடுப்பவன் சொல்லை எண்ணிக் காசு கட்டினான். ஆகவே எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினான். வாங்குகிறவனுக்கு அந்தச் சிரமம் இல்லை. 2006-ல் பிறந்த டுவிட்டர் கூட, கைபேசிச் சேதிக்கு 160 எழுத்துக்குமேல் இடமில்லாத காரணத்தால், 140 எழுத்து என்று வரம்பு வைத்தது. குழுவிலோ காசும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. "அந்த லிஸ்ட் என்னாச்சு?" என்று ஒருவர் போடுகிறார். எந்த லிஸ்ட்? யாரைக் கேட்கிறார்? இருபது பேர் கைவேலையை நிறுத்திவிட்டு விழிக்கிறார்கள். போட்டவருக்கு அரை நிமிஷம் லாபம்; மற்றவர்களுக்குத் தலைக்கு ஐந்து நிமிஷம் நஷ்டம்.

நேரம் போனால் போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. நம் சர்க்கார் ஃபைல் இருக்கிறதே, கதாசிரியர்களுக்கு அது நிரந்தரமான ஹாஸ்ய விஷயம். ஆனாலும் அந்தச் சிவப்பு நாடாவுக்குள் ஒரு தர்மம் உண்டு. "இது விதிக்கு முரண்" என்று குமாஸ்தா குறிப்பு எழுதி வைக்கலாம். மேலே உள்ளவர் அதை மீறினால், மீறிய இடத்தில் அவருடைய கையெழுத்தும் தேதியும் நிற்கும். 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபிறகு, அதைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சாமானிய ஜனங்களுக்கும் வழி பிறந்தது. குழுவில் எதிர்க்குறிப்பு எழுதுவது யார்? அத்தனை பேர் பார்த்திருக்க, "ஸார், இது தவறு" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? போதாக்குறைக்கு, 2017 முதல் போட்ட சேதியை எல்லோர் கண்ணிலிருந்தும் அழித்துவிடலாம். 2020 முதல் தானாகவே மறையும்படியும் வைக்கலாம். நாளைக்குத் தணிக்கையில் தப்பு வெளிப்பட்டால், சொன்ன வாய் இருக்காது. செய்த கைதான் இருக்கும்.

"காரியாலயத்துக்கென்றே ஸ்லாக் இருக்கிறதே" என்கிறார் மென்பொருள் கம்பெனியில் இருக்கும் நண்பர். ஒரு விளையாட்டைத் தயாரித்த கம்பெனி தன் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொண்டு, விளையாட்டு எடுபடாமல் போனபின் 2013-ல் வெளியே விட்ட சாதனம் அது. விஷயத்துக்கு ஒரு தனி அறை, பழைய பேச்சைத் தேடி எடுக்கும் வசதி எல்லாம் உண்டு; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரட்டை எது, முடிவு எது என்று பிரித்தெழுத யாராவது உட்கார வேண்டுமே!

பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள், வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமை பற்றித் தொழிலாளர் தரப்போடு பேசியாக வேண்டும். இங்கே, எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருத்தி, இரவு பத்து மணிக்குச் சாதம் பிசைந்த கையோடு, "காலைக்குள் கணக்கு வேண்டும்" என்ற சேதியைப் படிக்கிறாள். கணக்கு, பள்ளிக்கூடத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. படித்துவிட்டாள் என்று நீல நிறக் குறி காட்டிக் கொடுத்துவிடும். பதில் போடாமல் இருக்க முடியாது.

அதிகாரிகள் எங்களைக் கூப்பிடுவதற்குக் குழுவை வைத்துக்கொள்ளட்டும். உத்தரவு என்றால் முழு வாக்கியமாக, பெயரும் தேதியும் இட்டு, ஆபீஸ் நேரத்துக்குள் எழுதட்டும். எழுத வராதென்றால் குமாஸ்தாவைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். அவர் அழகாக எழுதிக் கொண்டுவந்து கையெழுத்துக்கு நீட்டுவார்.