குறை கேமராவில் இல்லை

"பழைய கேமரான்னா படம் மங்கலாத்தான் வரும் தாத்தா, ஓரத்துல வெளிச்சம் கசியும். அதுதான் அழகே!" என்றான் என் பேரனின் சிநேகிதன். ஒரு வாரமாக எனக்கு அது பொறுக்கவில்லை.

அழகாம்! அப்பா 1971-இல் வாங்கிய அக்ஃபா கிளிக் III இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். 120 ஃபிலிம், ரோலுக்கு 12 படம். எங்களை மூச்சை அடக்கச் சொல்லி, தானும் அடக்கிக்கொண்டுதான் அப்பா பொத்தானை அழுத்துவார். ஒன்று ஆடிப்போனாலும் ஸ்டூடியோக்காரர் முன்னால் அவருக்குத் தலைகுனிவு.

அந்தப் பையனுக்காகவே மறுபடி ஒரு ரோல் போட்டுப் பார்த்தேன். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த ரஷ்ய லூபிடெல் 2-இலும் ஒன்று. (அதன் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும், வாசலில் போன பசுவைத் துரத்தித் தோற்றேன்.)

கசிவு எங்கிருந்து வருகிறது தெரியுமா? படத்தின் எண் பார்க்க முதுகில் ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கிறதே, அதன் வழியாகத்தான். அந்தக் காலத்து ஃபிலிம் பலவற்றுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது. இன்றைய ஃபிலிமுக்கு உறைக்கும். கறுப்பு டேப்பை ஒட்டி, சுற்றும்போது மட்டும் நிழலில் நின்று விலக்கினால் போதும். கிளிக்கின் ஷட்டர் சுமார் 1/30 வினாடி. கை ஆடினால் படமும் ஆடும். அதில் 400 வேக ஃபிலிமைப் போட்டு உச்சி வெயிலில் எடுத்தால் நெகட்டிவ் கருகித்தான் வரும். இதையெல்லாம் கற்றுக்கொள்ளச் சோம்பல்பட்டுவிட்டு, கலை என்று பெயர் வைப்பதா?

ஓரங்கள் கொஞ்சம் குழையும், ஒப்புக்கொள்கிறேன், எளிய லென்ஸ். ஆனால் நெகட்டிவ் 6 சென்டிமீட்டர் சதுரம், 35 எம்.எம். படத்தைப்போல மூன்றரை மடங்கு பரப்பு. அம்மா தனியாக நிற்கும் ஒரே படம் இந்தக் கிளிக்கில் எடுத்ததுதான். நெகட்டிவை ஸ்கேன் செய்து பெரிதாக்கினோம். மூக்குத்திக் கல் தெரிகிறது. ரவிக்கைத் தோளில் கிழிசலைத் தைத்த தையல்கூடத் தெரிகிறது. மங்கல்தான் அழகு என்று அப்பாவும் நினைத்திருந்தால் எனக்கு அந்த முகம் மிஞ்சியிருக்காது.

நான் எடுத்த 12-இல் ஒன்பது தேறியது. பையன் வந்து பார்த்தான். "கசிவே இல்லையே தாத்தா?" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. டேப் சுருளை அவன் கையில் கொடுத்தேன்.