மாற்று இருதயமும் மலையக முதுமையும்

"வயது போய்விட்டது, இனி என்ன செய்ய?" ஊவாத் தோட்டங்களில் இஃது ஆறுதல் மொழியாக வழங்குகிறது. நான் இதனைத் தீர்ப்பு என்பேன். அதுவும் விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு.

பசறைக்கு அப்பால், நமுனுகுல மலைச்சாரற் தோட்டமொன்றில் நாற்பதாண்டு கொழுந்து பறித்த என் அப்பாயிக்குக் கால்கள் வீங்கின. லயத்துப் படியேற மூச்சு வாங்கியது. கொண்டுசென்ற இடத்தில் மார்பிலே குழல் வைத்துப் பார்த்ததோடு சரி. எக்கோ பரிசோதனைக்குப் பதுளைக்கு அனுப்புமாறு வேண்டிய என் தந்தைக்குக் கிடைத்த பதிலும் அதே வாக்கியமே. இதிலொரு வேடிக்கையுமுண்டு. அப்பாயியின் அடையாள அட்டையிலுள்ள பிறந்த திகதி, யாரோ ஓர் எழுதுவினைஞர் குத்துமதிப்பாக இட்ட ஜனவரி முதலாந் திகதி! அவரது உண்மை வயதை எவரும் அறியார்.

மருத்துவ அறிவியல் இவ்வாறா கூறுகிறது? 1967 டிசம்பர் 3ஆம் நாள் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னாட் முதலாவது மாற்று இருதயத்தைப் பொருத்தினார். நோயாளர் 18 நாட்களே வாழ்ந்தார். அடுத்த மாதம் அவரிடம் சிகிச்சை பெற்ற பிலிப் பிளேபர்க் 58 வயதினர்; ஏறத்தாழ 19 மாதங்கள் வாழ்ந்தார். பின்னர் பல நிலையங்கள் ஐம்பது, ஐம்பத்தைந்து என எல்லை வகுத்தன. 1980களில் சைக்ளோஸ்போரின் எனும் மருந்தின் துணையால், உடல் அயலுறுப்பை நிராகரிப்பது கட்டுக்குள் வரவே அவ்வெல்லை தளர்ந்தது. இருதய, நுரையீரல் மாற்றுக்கான சர்வதேசச் சங்கத்தின் நெறிமுறைகள் 2006இல் எழுபது வயதுவரையும், கவனமாகத் தேர்ந்த சிலருக்கு அதற்கு மேலும் இடமளித்தன.

முதியோர் இளையோரைப்போல் நீண்டகாலம் வாழ்கின்றனர் என நான் வாதிடவில்லை. தொற்றும் புற்றுநோயும் சிறுநீரகப் பழுதும் அவர்களையே அதிகம் தாக்குகின்றன. எனினும் நோயெதிர்ப்பாற்றல் தளர்ந்தமையால் மாற்றுறுப்பை நிராகரிக்கும் அபாயம் அவர்களுக்குக் குறைவு. ஆகவே நிறுக்கவேண்டியது ஆண்டுக் கணக்கை மட்டுமன்று. சிறுநீரகத்தை, நுரையீரற் குருதிக்குழாய்களின் அழுத்தத்தை, உடலின் உறுதியை.

"நாட்டின் முதலாவது மாற்று இருதய சத்திரசிகிச்சையே 2017இல்தான் கண்டியில் நடந்தது. தானமாகக் கிடைப்பனவோ மிகச் சில. அதனைத் தோட்டத்துக் கிழவிக்கா கேட்கிறீர்?" என நண்பர்கள் நகைக்கக்கூடும். இருதயம் ஒன்றேயாகி, இளைஞரொருவரும் காத்திருந்தால் அவருக்கே கொடுங்கள். அப்பாயியும் அதையே சொல்லியிருப்பார். பற்றாக்குறை பற்றிய அவ்வாதம் நேர்மையானது. ஆனால் இருதயம் தளர்ந்தோருட் பெரும்பாலோருக்கு வேண்டுவது மாற்றிருதயமன்று. ஒழுங்கான பரிசோதனை, மாத்திரைகள், மாதாந்தக் கிளினிக், அங்கு செல்ல ஒரு பஸ். இவற்றை மறுப்பதற்கும் முதுமையையே சாட்டுவது எந்த நேர்மை?

கொழும்பில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் எழுபது வயதிலும் பைபாஸ் செய்துகொண்டு வீடு திரும்புகிறார். அவரிடம் யாரும் இவ்வாக்கியத்தைச் சொல்வதில்லை. நம் விரிவுரையாளர்தம் தந்தையரிடமும் சொல்லார். செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டதும் ஆளும் முடிந்துபோனதாகக் கருதுவது வெள்ளைத்துரைமாரின் கணக்கு. அதனை நாமும் மனனஞ் செய்திருக்கிறோம். பதிலைக் கேட்டுத் தலையசைத்து என் தந்தை வெளியே வந்தார். பல்கலைக்கழகம் புகுந்த நானும் அருகிலேயே நின்றேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.