வளைந்தால் போதுமா? திரும்ப வேண்டாமா?

வேலியோரத்தில் ஒரு மூங்கில் புதர் வைத்திருக்கும் சம்சாரிகள் மலையடிவாரக் கிராமங்களில் ஏராளம். ஏணிக்கு ஒன்று, வாழைக்கு முட்டு நாலு, பந்தலுக்குப் பத்து என்று வேண்டியபோது வெட்டிக் கொள்கிறோம். பண முடை வந்தால் புதரையே லோடு கணக்கில் பேசி விற்று விடுகிறோம். எது முற்றியது, எது இளசு என்று நாம் பார்ப்பதில்லை. வாங்குகிறவர் பார்க்கிறார், ஆனால் நம்மிடம் சொல்வதில்லை.

நானும் அப்படி விற்றவன்தான். மகளின் படிப்புச் செலவுக்காக ஒரு வருடம் புதர் முழுவதையும் பச்சையாகவே கொடுத்தேன். அந்தத் தவறு எவ்வளவு பெரியது என்பதை எனக்கு உணர்த்தியது கணக்கு நோட்டு அல்ல, ஒரு வில்.

பள்ளியில் வில் பழகத் தொடங்கிய மகள், வீட்டில் பழக ஒரு வில் வேண்டும் என்றாள். நம் நாட்டு வில்வித்தைப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. அதில் மூங்கில் வில், மர வில்தான். ஜார்க்கண்டைச் சேர்ந்த தீபிகா குமாரி சிறுமியாக இருந்தபோது வீட்டில் செய்த மூங்கில் வில்லால்தான் பழகினார். கடையில் விற்ற வில் என் கைக்கு எட்டும் விலையில் இல்லை. நம்மிடம் இல்லாத மூங்கிலா என்று நானே செய்ய உட்கார்ந்தேன்.

இளசு வளையும், திரும்பாது

லோடு போனபின் மிஞ்சிக் கிடந்ததில் பச்சைப் பசேலென்று இருந்த ஒரு கழியை எடுத்தேன். ஐந்தரை அடிக்கு நறுக்கி, பிளந்து, சீவி, ஒரே நாளில் நாண் ஏற்றி விட்டேன். அழகாக வளைந்தது. பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து நாணை அவிழ்த்தால், வில் வளைந்தபடியே நின்றது. அம்பு பத்தடி தள்ளி விழுந்தது.

முன்பு எங்கள் ஊருக்கெல்லாம் கலப்பை செய்து கொடுத்த ஆசாரியார் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டு போய்க் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இது வில் இல்லை, தொட்டில் கம்பு. வளைச்சா எந்த இளசும் வளையும். விட்டா திரும்புதா, அதைப் பாருங்க" என்றார்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வில்லுக்கு வளைவது பாதி வேலைதான். திரும்பி நிமிர்வது மறு பாதி. அந்த மறு பாதி முற்றிய மூங்கிலுக்கு மட்டுமே வரும். மூங்கில் முளை ஒரே பருவத்தில் தன் முழு உயரத்தையும் எட்டி விடுகிறது. அதன்பின் உயரமும் ஏறாது, பருமனும் ஏறாது. வெளிப்பார்வைக்கு வளர்ச்சி முடிந்து விட்டது போல் தோன்றும். உள்ளே சுவர் இறுகுவதும் நீர் குறைவதும் மூன்று வருடம் வரை நடக்கிறது. நாம் அவசரப்பட்டு வெட்டுவது அந்த மூன்று வருடத்தைத்தான்.

குறைக்கலாம், கூட்ட முடியாது

அடுத்து மூன்று வருடம் கடந்த கழியாகத் தேடி வெட்டினேன். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போட்டேன். நீளத்துக்கு வெடித்துப் போயிற்று. மூன்றாவதை ஊறப் போட்டு, நிழலில் காய வைத்தேன். அது நன்றாகவே அமைந்தது. ஆனால் பார்வைக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று வெளிப்புறக் கணுவை இழைப்புளியால் மட்டமாக்கினேன். மகள் இழுத்தபோது அந்தக் கணுவிலேயே படீரென்று முறிந்தது. நல்ல வேளையாகக் கண்ணில் படவில்லை.

காரணத்தை ஆசாரியார் விளக்கினார். வில்லை இழுக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் முதுகு இழுபடுகிறது; அவரைப் பார்த்த வயிறு நசுங்குகிறது. இழுபடுவதைத் தாங்கும் நார் மூங்கிலின் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது. ஆகவே தோல்புறம் முதுகாக இருக்கட்டும். அதில் கத்தி படக்கூடாது. சீவுவதெல்லாம் உட்புறத்தில்தான். கணு இருக்கும் இடத்தில் உட்புறத்தையும் சற்றுத் தடிப்பாகவே விட வேண்டும். கலப்பைக்குக் கருவேல மரத்தில் இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடியவர்கள் நம் முன்னோர். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு, பாரம் ஏறும்போது முறியும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே பாடம்தான் இதுவும்.

பிறகு வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வில்லைச் சுவரில் முளையடித்து மாட்டி, நாணைக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, எட்ட நின்று பார்க்க வேண்டும். இரண்டு கையும் ஒன்றுபோல் வளைகிறதா? ஒரு கை விறைப்பாக இருந்தால் அதன் உட்புறத்தில் கண்ணாடிச் சில்லால் நாலு முறை சுரண்ட வேண்டும். பிறகு இருபது முறை இழுத்து விட்டு, மறுபடி பார்க்க வேண்டும். ஆத்திரப்பட்டு ஒரு சுரண்டல் கூடுதலாகப் போனால் அந்தக் கை தளர்ந்து விடும். அதற்குச் சமமாக மறு கையைக் குறைத்தால் வில்லின் பலமே போய்விடும். குறைத்ததைக் கூட்ட வழியில்லை. என் நாலாவது வில் இப்படித்தான் பிள்ளை விளையாட்டுச் சாமான் ஆயிற்று.

ஐந்தாவது வில் நின்றது. முதல் அம்பு கிளம்பியபோது நாண் எழுப்பிய சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையையும் மறக்கவில்லை. நல்ல விளைச்சலைக் களத்தில் குவித்துப் பார்க்கும்போது வருமே ஒரு நிறைவு, அதுதான் அது. நாலு வில் முறிந்த வருத்தம் அதில் கரைந்து போயிற்று.

வரப்பிலேயே இருக்கிறது

வில்லுக்கு வேண்டிய பொருளுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில் ஆயுதசாலை பற்றிய பகுதியில், வில் செய்யப் பனை, மூங்கில், மரம், கொம்பு என்றும், நாண் திரிக்க மருள், எருக்கு, சணப்பு, மூங்கில், நரம்பு என்றும் பட்டியல் இருக்கிறது. இவற்றில் பனையும் மூங்கிலும் எருக்கும் நம் வரப்பில் நிற்கின்றன. சணப்பைப் பசுந்தாள் உரத்துக்கு மடக்கி உழுகிறோம். பூத்த பிறகு நாலு செடியை விட்டு வைத்து, தண்ணீரில் ஊற வைத்து உரித்தால் நல்ல நாண் நார் கிடைக்கும். என் மகளின் வில்லுக்கு அந்த நாண்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடக்கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லிலேயே திரும்பி முறித்து விடும். வில்லைக் கொண்டு முயலையும் மயிலையும் குறி வைக்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வைக்கோல் பொதிதான் நமக்கு இலக்கு.

என் யோசனை

எல்லா விவசாயிகளும் வில் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வில்லுக்குத் தேறும் மூங்கில் ஏணிக்கும் தேறும், முட்டுக்கும் தேறும், கூரைக்கும் தேறும். வில்லுக்குத் தேறாத இளசு இந்த வேலைகளுக்கும் தேறாது. ஆறு மாதத்தில் உளுத்துப் பொடியாகக் கொட்டும். அந்த இளசையும் முற்றியதையும் ஒன்றாகச் சேர்த்து லோடு விலைக்குக் கொடுப்பதுதான் நமக்கு நஷ்டம்.

ஆகவே, ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் கழிகளில் ஒரு நிறப் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். வருடத்துக்கு ஒரு நிறம். மூன்று வருடம் கடந்ததை மட்டும் வெட்டுங்கள். பெரியவர்கள் தேய்பிறை பார்ப்பார்கள். நான் பருவம் பார்க்கிறேன். மழை முடிந்து, புது முளை கிளம்புவதற்கு முன், தை மாசியில் வெட்டுகிறேன். வெட்டியதை ஒரு மாதம் நீரில் ஊறப் போட்டால் அதிலுள்ள மாவுச்சத்து கரைந்து போகும். துளைக்கும் வண்டு தேடி வருவது அதைத்தான். பிறகு நிழலில் அடுக்கிக் காய வைத்து, எண்ணிக்கைக் கணக்கில் விற்கலாம்.

புதரை மொத்தமாக மொட்டையடிக்க வேண்டாம். நிற்கும் கழிகள் ஊட்டினால்தான் கிழங்கு அடுத்த முளையை விடும். நான் விற்ற புதரில் மறு வருடம் வந்தவை விரல் பருமன் குச்சிகள். பழைய பருமன் திரும்பப் பல வருடங்கள் ஆயின.

சட்டத்தையும் தெரிந்து கொள்ள வேண்டும். தாவர வகையில் புல்லான மூங்கிலை, 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மரம் என்றே வைத்திருந்தது. 2017-இல் கொண்டு வந்த திருத்தம் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. தமிழ்நாட்டுக்கு 1882-ஆம் ஆண்டின் தனி வனச் சட்டம் உண்டு. அதனால் வண்டியில் ஏற்றுமுன் ரேஞ்சர் ஆபீசில் விசாரித்து, எழுத்தில் வாங்கிக் கொள்வது நல்லது. பட்டா நிலத்தில் வளர்த்த புல்லை விற்கச் சம்சாரி அலையாதபடி அரசும் வழியைச் சுலபமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆசாரியார் இப்போது இல்லை. கழியைத் தட்டிப் பார்த்து, சத்தத்திலேயே வயது சொல்லும் ஆள் எங்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. கலப்பை போனபோது அந்தக் காதும் போய்விட்டது. வேலை ஓய்ந்த கோடையில் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு வில் செய்து பாருங்கள். முதல் இரண்டு முறியும், முறியட்டும். உங்கள் வேலியில் நிற்பது என்ன சரக்கு என்று அதன்பின் எந்த வியாபாரியும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்காது.