மௌனம் சம்மதம் இல்லீங்க!

மக்களே, ஒரு சின்னக் கணக்கு. உங்க போன்லயும் கம்ப்யூட்டர்லயும் மாசாமாசம் காசு எடுக்கிற சாஃப்ட்வேர் மொத்தம் எத்தனைன்னு, எதையும் பார்க்காம விரல் விட்டு எண்ணுங்க. எண்ணியாச்சா? இப்ப வங்கி ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பாருங்க. பல பேருக்கு ரெண்டும் ஒத்துப் போகாது. அந்த வித்தியாசத்தை நம்பியே ஒரு பெரிய வியாபாரம் நடக்குது. அதைப் பத்திதான் இந்தப் புலம்பல்.

சந்தா ஒண்ணும் நமக்குப் புதுசு இல்ல. வாரப் பத்திரிகைக்கு வருஷ சந்தா கட்டினவங்க தானே நாம. சந்தா முடியப் போகுதுன்னா கடுதாசி வரும். வேணும்னா மறுபடி மணியார்டர் அனுப்பணும். சும்மா இருந்தா புஸ்தகம் நின்னுடும். பேப்பர் போடுறவர்கிட்ட "அடுத்த மாசத்துலேர்ந்து வேணாம்ப்பா"ன்னு வாசல்லயே நின்னு சொன்னா முடிஞ்சுது. அவரும் முகத்தைக் கொஞ்சம் சுளிச்சுட்டு, பாக்கியை வாங்கிட்டுப் போயிடுவார். "உங்களை இழக்க எங்களுக்கு வருத்தமா இருக்கு, ஏன் போறீங்க? கீழே உள்ள ஏழு காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்"னு கேட்க மாட்டார் :-)

சாஃப்ட்வேர் சந்தா இந்த வழக்கத்தை அப்படியே தலைகீழா மாத்திடுச்சு. அங்க நாம சும்மா இருந்தா நிக்கும். இங்க நாம சும்மா இருந்தா ஓடும். மௌனம் சம்மதம்னு கல்யாணப் பேச்சுல சொல்வாங்க. அதையே பில் போடுற சூத்திரமா ஆக்கிட்டாங்க. என் சண்டை முழுக்க இந்த ஒரு விஷயத்தோட தான். விலையோட இல்ல.

விலையோட இல்லன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஒரு காலத்துல சாஃப்ட்வேரை டப்பாவுல வாங்கினோம். 2013-ல் அடோபி, இனிமே டப்பா கிடையாது, கிரியேட்டிவ் கிளவுட் சந்தா மட்டும்தான்னு அறிவிச்சப்போ பெரிய கூச்சல் எழுந்துச்சு. ஆனா சர்வர் ஓடணும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைச்சுக்கிட்டே இருக்கணும், அதுக்கு ஆள் வேணும். மாசாமாசம் வேலை நடக்கும்போது மாசாமாசம் காசு கேக்கறதுல தப்பில்ல. உள்ள வர ஒரே ஒரு பட்டனும், வெளிய போக ஒரு சுரங்கப் பாதையும் வைக்கறது தான் தப்பு.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்றதா நினைச்சா, அமெரிக்காவுல நடந்ததைப் பாருங்க. அங்க இருக்கிற ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 ஜூன்ல அமேசான் மேல வழக்குப் போட்டுது. பிரைம் சந்தாவை ரத்து பண்ற வழிக்கு அந்தக் கம்பெனிக்குள்ளயே வெச்சிருந்த பேரு என்ன தெரியுமா? 'இலியட்'. ஆமா, ட்ரோஜன் போரைப் பத்தி ஹோமர் எழுதினதாச் சொல்ற அதே நீளமான காவியம். நம்ம ஊரா இருந்தா மகாபாரதம்னு வெச்சிருப்பாங்க. கடைசியில 2025 செப்டம்பர்ல 250 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. அதுல 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. பிரைம் சாஃப்ட்வேர் இல்லையேன்னு நினைச்சீங்கன்னா, 2024 ஜூன்ல அடோபி மேலயும் வழக்கு வந்துச்சு. வருஷ ஒப்பந்தத்தை 'மாசத் தவணை'ன்னு காட்டிட்டு, நடுவுல விலகினா பெரிய கட்டணம் உண்டுங்கறதை மறைச்சுட்டாங்கங்கறது குற்றச்சாட்டு.

இந்த மாதிரி தந்திரங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்'னு 2010-ல் பேர் வெச்சவர் ஹாரி பிரிக்னல். அதுல ஒரு வகைக்கு அவர் வெச்ச பேரு கரப்பான்பூச்சிப் பொறியை ஞாபகப்படுத்தும். நுழையறது சுலபம், வெளிய வர்றது கஷ்டம். நம்ம நாட்டுலயும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுது. மொத்தம் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு, அதுல 'சந்தாப் பொறி'யையும் சேர்த்திருக்காங்க. ரத்து பண்ற வழியை ஒளிச்சு வைக்கறது, குழப்பறது, இழுத்தடிக்கறது எல்லாம் அதுல அடக்கம். இலவச சந்தாவுக்குக் கூட கார்டு விவரமோ தானியங்கிப் பற்று அனுமதியோ கொடுத்தே ஆகணும்னு கட்டாயப்படுத்தறதும் சேர்த்திதான். இது பல பேருக்குத் தெரியவே தெரியாது.

காகிதத்துல இவ்வளவு இருக்கு. நடைமுறையில என்ன ஆகுதுன்னா...

திருச்சியில இருக்கிற என் சித்தப்பா ஓய்வு பெற்றவர். ஏதோ சான்றிதழை ஸ்கேன் பண்ணி அனுப்பணும்னு ஒரு ஆப் போட்டார். "ஏழு நாள் இலவசம், 2 ரூபா மட்டும்"னு கேட்டுது. யூபிஐ பின் போட்டார். வேலை முடிஞ்சதும் ஆப்பை அழிச்சுட்டார். அப்புறம் வாராவாரம் 299 ரூபா போக ஆரம்பிச்சுது, பென்ஷன் கணக்குலேர்ந்து. நாலஞ்சு வாரம் கழிச்சு பாஸ்புக் பதிய வங்கிக்குப் போனப்ப தான் கவனிச்சிருக்கார். போன் பண்ணினார்.

"ஏம்ப்பா, ஆப்பையே அழிச்சுட்டேனே, அப்புறம் எப்படி எடுக்கறான்?"

"சித்தப்பா, நீங்க அழிச்சது ஆப்பைத்தான். அன்னிக்கு பின் போட்டீங்கல்ல, அது 2 ரூபாய்க்கு மட்டும் இல்ல. வாராவாரம் எடுத்துக்கோன்னு கொடுத்த அனுமதி. அது வங்கிப் பக்கம் அப்படியே இருக்கு."

"நான் எங்கப்பா அனுமதி கொடுத்தேன்?"

இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. சட்டப்படி கொடுத்திருக்கார். மனசறிஞ்சு கொடுக்கல. 2 ரூபாயைப் பெரிய எழுத்துலயும் 299-ஐ சாம்பல் நிறத்துல பொடி எழுத்துலயும் போட்டவனுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். நாற்பது வருஷம் கணக்கு எழுதின மனுஷன், "எனக்கு வயசாயிடுச்சு போல"ன்னு தன்னையே நொந்துக்கிட்டார். போன காசை விட எனக்கு அது தான் வலிச்சுது. ஏமாத்தினவன் நிம்மதியா இருக்கான், ஏமாந்தவர் வெட்கப்படறார்.

யூபிஐ ஆப்புல 'ஆட்டோபே' பகுதிக்குப் போகச் சொன்னேன். அந்தப் பேரு இருந்துச்சு. ரத்து, பின், முடிஞ்சுது. ரெண்டு நிமிஷம்.

அந்த ரெண்டு நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. 2021 அக்டோபர் 1 ஞாபகம் இருக்கா? ரிசர்வ் வங்கியோட இ-மேண்டேட் விதி முழுசா அமலுக்கு வந்த நாள். அன்னிக்கு பல பேரோட வெளிநாட்டு சந்தாக்கள் எல்லாம் அறுந்து போச்சு. சர்வர் வாடகை நின்னுச்சு, பாட்டு நின்னுச்சு. 'முன்னேற விடமாட்டேங்கறாங்களே'ன்னு டெக்கி மக்கள் திட்டித் தீர்த்தாங்க. ஆனா அந்த விதி என்ன சொல்லுது? முதல் தடவை உங்க சம்மதத்தை ஓடிபி மாதிரி கூடுதல் சரிபார்ப்போட வாங்கணும். காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் சொல்லணும். அந்தத் தகவல் வந்ததும் அந்த ஒரு தவணையையோ, மொத்த அனுமதியையோ நீங்க மறுக்கலாம். எப்ப வேணா வாபஸ் வாங்கலாம். ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காம எடுக்கறதுக்கு உச்சவரம்பு உண்டு. அதை 2022 ஜூன்ல 5,000-லேர்ந்து 15,000 ரூபாயா உயர்த்தினாங்க.

அதாவது குழாய் கம்பெனி கையில இல்ல, நம்ம கையில. சுரங்கப் பாதை எவ்வளவு நீளமா இருந்தாலும் நாம அதுக்குள்ள போக வேண்டியதே இல்ல. என்னைக் கேட்டா, நம்ம ஊர் பணப் பரிமாற்ற விதிகள்லயே சாமானியனுக்கு ரொம்ப உபயோகமானது இது. திட்டினவங்க எல்லாம் வரிசையா வந்து ஒரு நன்றி சொல்லணும்.

சரி, இதைப் படிக்கற யாருக்காவது உபயோகப்படட்டும்னு வரிசையா சொல்லிடறேன்:

1. எந்த வழியா சேர்ந்தீங்கன்னு பாருங்க. ஆண்ட்ராய்டுன்னா பிளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தொட்டு, 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. ஐபோன்னா செட்டிங்ஸ்ல உங்க பேரைத் தொட்டு, 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. நேரா கம்பெனி தளத்துல சேர்ந்திருந்தா அங்கேயே. ஆப்பை அழிக்கறது ரத்து ஆகாது. இதை வீட்டுல பெரியவங்களுக்கு ரெண்டு தடவை சொல்லுங்க.

2. ரத்து பண்ணினதும் அந்தத் திரையைப் படம் எடுத்து வைங்க. ரத்து ஆச்சுன்னு மெயில் வருதான்னு பாருங்க. 'நிறுத்தி வைக்கவும்', 'பாதி விலை தர்றோம்'னு வர்ற பட்டன்களைத் தாண்டி கடைசி வரைக்கும் போகணும். நடுவுல விட்டா ரத்து ஆகியிருக்காது.

3. அப்புறம் வங்கிப் பக்கம். யூபிஐன்னா ஆட்டோபே. கார்டுன்னா வங்கியோட ஆப்புலயோ தளத்துலயோ இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்னு இருக்கும். அங்கயும் வெட்டுங்க.

4. வருஷ ஒப்பந்தம் போட்டு மாசத் தவணை கட்டறவங்க கவனம். குழாயை மூடினா காசு போகாது. ஆனா ஒப்பந்தப் பாக்கி தானா அழிஞ்சுடாது. முதல்ல விதிமுறையைப் படிச்சுட்டு, எழுத்துல விலகுங்க.

5. அதுக்கப்புறமும் எடுத்தா, கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. 2020-ல் வந்த மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தப்பு வங்கி மேலன்னா முதல்ல வங்கிக்கு எழுத்துல புகார், 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மன்.

அமெரிக்காவுல இருக்கிற நம்ம மக்களுக்கு ஒரு வார்த்தை. கார்டைத் தொலைச்சுட்டோம்னு சொல்லிப் புது எண் வாங்கிட்டா சந்தா செத்துடும்னு நினைக்காதீங்க. புது எண்ணைக் கடைக்காரருக்குத் தானா தெரியப்படுத்தற சேவை விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுலயும் இருக்கு. ஆனா வங்கிக் கணக்குலேர்ந்து நேரா போற தானியங்கிப் பற்றை, அடுத்த தவணைக்கு 3 வேலை நாள் முன்னாடி வங்கிக்குச் சொன்னா அவங்க நிறுத்தியே ஆகணும். அது உங்க உரிமை. 'சேர்ந்த மாதிரியே சுலபமா விலகணும்'னு அங்க 2024 அக்டோபர்ல கொண்டு வந்த விதியை 2025 ஜூலையில நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. ஜெர்மனியில 2022 ஜூலை 1-லேர்ந்து தளத்துலயே ரத்து பட்டன் வைக்கணும்னு சட்டமே இருக்கு.

"தானா புதுப்பிச்சுக்கறது வசதி தானே சார், ஆன்டிவைரஸ் நடுவுல நின்னா என்ன ஆகறது?"ன்னு கேப்பீங்க. நியாயம் தான். வசதி வேணும்ங்கறவங்களுக்கு வசதி இருக்கட்டும். ஆனா ஒருத்தர் மூணு மாசமா ஒரு சாஃப்ட்வேரைத் திறக்கவே இல்லன்னு அந்தக் கம்பெனிக்குத் தெரியும். நீங்க எந்தப் பட்டனை எத்தனை தடவை தொட்டீங்கன்னு எண்ணி வெச்சிருக்கிறவங்களுக்கு இது மட்டும் தெரியாதா என்ன? அப்படிப்பட்டவர்கிட்ட "இன்னும் வேணுமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்கட்டும். பதில் வரலன்னா நிறுத்திடட்டும். பத்திரிகைக்காரங்க காலங்காலமா செஞ்சது தானே.

அரசாங்கத்துக்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். 24 மணி நேரம் முன்னாடி வர்ற அந்த எஸ்எம்எஸ், என் சித்தப்பாவுக்கும் வந்திருக்கு. இங்கிலீஷ்ல, ஆப்போட பேரே இல்லாம, கேள்விப்படாத ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் பேர்ல, கடன் வேணுமாங்கற பத்து மெசேஜுக்கு நடுவுல. அவர் அதை விளம்பரம்னு நினைச்சுட்டார். தகவல் சொல்லணும்னு விதி இருந்தா மட்டும் போதுமா? புரியற மாதிரி சொல்லணும்ல? தமிழ்ல, எந்த ஆப், எவ்வளவு காசு, நிறுத்த எங்க தொடணும்னு மூணே வரி. ரேஷன் கடையில சாமான் வாங்கினா தமிழ்ல மெசேஜ் வருதே, இது வராதா?

அது வர்ற வரைக்கும் நாம ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மா, மாமனார், மாமியார் போனை வாங்கி ஆட்டோபே பகுதியை ஒரு தடவை பாருங்க. அவங்களைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டே பாருங்க. "ஏன் இதெல்லாம் போட்டீங்க?"ன்னு மட்டும் கேக்காதீங்க.

டிஸ்கி: சித்தப்பாவுக்கு முதல் வாரக் காசு மட்டும் திரும்பி வந்திருக்கு. மீதிக்கு 1915-ல் புகார் பதிஞ்சிருக்கார், அவரே போன் பண்ணி. புகார் எண்ணை நோட்டுல சிவப்பு மையில எழுதி வெச்சிருக்கார் :-)