அப்பத்தாவின் பங்கு யாருக்கு?

சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' 2022 பெப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் 8ஆம் திகதி முடிந்தது. ஈராண்டுக்கு மேல் போட்ட முடிச்சுகளை அவசரமாக அறுத்துவிட்டார்கள் என்ற மனக்குறை பார்த்தவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களின் கூரைகளில் டிஷ் ஏறிய காலம் முதல் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் முந்தைய இரவின் தொடர், மறுநாள் கொழுந்து பறிக்கும் மலையில் பேச்சாகிவிடுகிறது. அந்தப் பேச்சை வேலையற்ற பேச்சென்று தள்ளுவோர் அதில் என்ன கேட்கப்படுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. தொடரின் குடும்பத்து மூதாட்டியான அப்பத்தாவுக்குச் சொத்தில் உள்ள 40 சதவீதப் பங்கு கடைசியில் யாருக்கு? அந்த வீட்டில் உழைத்த மருமகள்களின் பெயரில் எழுதப்பட்டது என்ன? இவை சொத்தையும் உரிமையையும் பற்றிய கேள்விகள். தலைமுறைகளாக வாழும் லயக் காம்பராவுக்குத் தன் பெயரில் உறுதி இல்லாத ஒருத்தி இவற்றைக் கேட்கும்போது அவை கதைக்குள் அடங்குவதில்லை.

சம்பளமும் காணியும் தீராதிருக்க நாடகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்த பிறகும் ஏழு பேர்ச் காணிக்கும் உறுதிக்கும் காத்திருப்போர் ஏராளம். ஆனால் இரண்டு பேச்சும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. மனைவியின் சம்பளத்தைக் கணவனே போய் வாங்கிவரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. தன் வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கத் தயங்குகிறவளும் தொடரில் வீட்டை ஆளும் குணசேகரனைப் பற்றி உரக்கப் பேசலாம். உறவு முறியாமல் நியாயம் கேட்டுப் பழக அந்தக் கதை இடம் தருகிறது. ஆகவே அதன் முடிவு அரைகுறையாக நின்றால் இழப்பு பொழுதுபோக்கோடு போய்விடுவதில்லை.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி, அதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி, பின் இறந்தார். அந்த இடத்தை நிரப்புவது யாருக்கும் எளிதல்ல. அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்த பிறகு கதையின் நடை மாறியதற்கு இயக்குநர் திருச்செல்வத்தைக் குற்றம் சொல்வது அறமாகாது. ஆயினும் பங்கின் கேள்வி ஒரு நடிகரின் குரலில் தங்கியிருக்கவில்லை, எழுத்தில்தான் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடாமல் விடுவதும் கலைதானே என்றொரு வாதமும் உண்டு. மாசியில் காமன் கூத்து ஆடும் மலையகத்துக்கு இதில் தன் சொந்த அளவுகோல் இருக்கிறது. காமன் எரிந்ததும் அங்கே கூத்து கலைவதில்லை. அவன் மனைவி ரதியின் ஒப்பாரி முழுதாகக் கேட்கப்படுகிறது, காமன் எழுப்பப்படுகிறான். அவள் எழுப்பிய முறையீட்டுக்கு மறுமொழி வந்த பிறகே சனம் வீடு திரும்புகிறது. மர்மம் மிஞ்சலாம், முறையீடு கேட்பாரற்று மிஞ்சக்கூடாது. 2024 டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று அதே குடும்பம் திரும்பி வந்ததே, கணக்கு தீரவில்லை என்பதற்குச் சாட்சி. இந்த இரண்டாம் கதையாவது முடியும் நாளில், அந்த வீட்டின் பத்திரத்தில் எந்தெந்தப் பெண்ணின் பெயர் ஏறியது என்று வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும்.