எழுத்தறிவுக்குப் பல வாயில்கள்

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி உள்ளது. அங்கே பயிலும் குழந்தைகள் விரல் நுனியால் நூல்களைப் படிக்கின்றனர். கண்ணால் மட்டுமே படிக்க இயலும் என்று உலகம் பிடிவாதம் செய்திருந்தால், அவர்களுக்குக் கல்வி வாய்த்திராது. படிப்பவருக்கு ஏற்ப எழுத்தின் வடிவம் மாறியது, வாயில் திறந்தது. ஆனால், அதே பூந்தமல்லியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாழும் டவுன் சிண்ட்ரோம் உடைய குழந்தைகளைக் குறித்து, 'இவர்களுக்குப் படிப்பு வராது' என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். இக்கூற்று சரிதானா?

மனித உடற்செல்லில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைவதே இந்நிலைக்குப் பெரும்பாலும் காரணம் என்பது 1959இல் வெளியிடப்பட்டது. இது தொற்றும் நோயன்று. முன்வினைப் பயனும் அன்று. இக்குழந்தைகளுள் பலருக்குச் செவித்திறன் குறைந்திருக்கும். கேட்டதை நினைவில் நிறுத்துவதும் கடினமே. ஆனால், கேட்டதைவிடக் கண்டதை அவர்கள் நன்கு நினைவில் கொள்வர்.

நாமோ பெரும்பாலும் எழுத்துகளின் ஒலிகளைக் கற்பித்த பின்னரே சொல்லுக்கு வருகிறோம். ஒலியைக் கேட்டு, நினைவில் வைத்து, கூட்டிச் சொல்லுமாறு பணிக்கிறோம். வலுவற்ற தோளிலேயே சுமையை ஏற்றிவிட்டு, குழந்தையால் இயலவில்லை என்கிறோம். குறை குழந்தையிடமா, முறையிலா?

மாற்றுவழி உண்டு. 'அம்மா', 'பால்', 'பந்து' எனக் குழந்தை அறிந்த சொற்களை அட்டைகளில் பெரிதாக எழுதவேண்டும். முதலில் ஒரே சொல்லுடைய அட்டைகளை இணைத்தல். அடுத்து, கேட்ட சொல்லை எடுத்துத் தருதல். பின்னர், கண்டு சொல்லுதல். சொற்கள் சில கைவந்தபின் எழுத்துகளைப் பிரித்துக் காட்டலாம். இங்கிலாந்தில் லெஸ்லி டஃபன் என்னும் தந்தை, தம் மகள் சாராவுக்கு இளவயதிலேயே இவ்வாறு சொற்களைக் கற்பித்தார். அவருடைய அனுபவமே உளவியலாளர் சூ பக்லியை இத்துறை ஆய்வில் ஈடுபடத் தூண்டியது.

படிப்பு பேச்சுக்கும் துணையாகும். 'கடைக்கு', 'கடையில்' என்பவற்றின் உருபுகள் செவியில் நழுவிவிடும். தாளிலோ நிலைத்து நிற்கும். காதுக்கு எட்டாத இலக்கணத்தைக் கண் கற்றுக்கொள்ளும்.

'கைத்தொழில் கற்றால் போதாதா?' எனச் சிலர் வினவுவர். கைத்தொழில் வேண்டும், ஆனால், அது எழுத்துக்கு மாற்றாகாது. பேருந்தின் முகப்பில் 'ஆவடி' என்பதைப் படிக்கத் தெரிந்தவர், பிறர் துணையின்றி வீடு திரும்பக் கற்க முடியும். எல்லாரும் ஒரே அளவு படித்துவிடுவர் என்று கூறவில்லை. நம் வகுப்பிலும் எல்லாரும் ஒரே அளவு படிப்பதில்லை; அதற்காக எவருக்கும் நூலை மறுப்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அறிவுசார் குறைபாடுடையோர் உள்ளிட்ட அனைவருக்கும் பிறரோடு இணைந்து கற்கும் உரிமையை வழங்குகிறது. கற்பிப்பது நம் இரக்கம் அன்று, அவர்களின் உரிமை.

மாணவர்களே, உங்கள் தெருவிலும் அத்தகைய குழந்தை இருக்கலாம். பத்து அட்டைகளும் நாள்தோறும் பத்து நிமிடங்களும் போதும், தொடங்குவதற்கு. தவறினால் கடியாதீர்கள், சரியான அட்டையைக் காட்டி மீண்டும் கேளுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு மாதம் ஆகலாம். ஆகட்டும். அந்தச் சொல்லை அக்குழந்தை தானே படிக்கும் நாளில், 'படிப்பு வராது' என்னும் நம் தீர்ப்பு பொய்த்துப் போகும்.