காருக்குக் கட்டிய காரியாலயம்

என் சிநேகிதர் ஒருவரின் பிள்ளை பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். சென்னையில், பழைய மாமல்லபுரம் சாலையில், அந்தக் கம்பெனி ஒரு புதிய காரியாலயம் கட்டிக்கொண்டிருக்கிறது. மேற்பார்வை அவனுடைய பொறுப்பு. "மாமா, ஒரு நாள் வந்து பாருங்களேன். கதைக்கு ஏதாவது அகப்படும்" என்று கூப்பிட்டான். போனேன். கதைக்கு ஒன்றும் அகப்படவில்லை. சண்டைக்குத்தான் விஷயம் அகப்பட்டது.

கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் என்னை முதலில் அழைத்துப் போனது மேலே அல்ல, கீழே. பூமிக்கு அடியில் மூன்று தளங்கள்! "900 கார் நிற்கும், மாமா" என்றான். ராஜராஜ சோழன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது கூட அவ்வளவு பெருமைப்பட்டிருப்பானோ என்னவோ!

"வேலை செய்யப் போகிறவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"3,000 பேர்."

"ஓர் ஆளுக்கு மேலே எவ்வளவு இடம்?"

"100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"ஒரு காருக்கு?"

சற்று யோசித்தான். "வண்டி நிற்கிற இடம், திரும்புகிற இடம், ஏறி இறங்குகிற சரிவு எல்லாம் சேர்த்தால் 300 சதுர அடி ஆகும்."

கணக்கில் நான் எப்போதும் மட்டம். ஆனாலும் இந்தக் கணக்குக்குப் பேனா கூட வேண்டியிருக்கவில்லை. 3,000 மனிதர்களுக்கு 3 லட்சம் சதுர அடி; 900 கார்களுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் சதுர அடி. நாள் முழுவதும் மூளையைக் கசக்கி உழைக்கிறவனுக்கு ஒரு பங்கு இடம். அவன் உழைத்து முடிக்கும் வரையில் நின்று தூங்குகிற வண்டிக்கு மூன்று பங்கு!

"இதற்கு வாடகை உண்டா?" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மாமா! சொந்தச் சிப்பந்திகளிடம் யாராவது வாடகை வாங்குவார்களா? இலவசம்தான். கம்பெனி செய்கிற ஒரு சலுகை."

இந்த 'இலவசம்' என்ற வார்த்தையோடுதான் என் சண்டை. உலகத்தில் இலவசமான இடம் என்று ஒன்று கிடையாது. பாறையைக் குடைந்து, தண்ணீரை இறைத்து, சிமெண்டைக் கொட்டி, விளக்குப் போட்டு, காவலும் வைத்த பிறகு அது இலவசமாகுமா? யாரோ ஒருவர் பணம் கொடுத்துத்தானே இருக்கிறார்? கம்பெனியின் வருமானத்திலிருந்துதான் அந்தப் பணம் போகிறது. அந்த வருமானத்துக்கு உழைத்தவர்கள் 3,000 பேரும். அனுபவிப்பவர்களோ 900 பேர். மீதி 2,100 பேர் தங்களிடம் இல்லாத காருக்கு வாடகை கட்டுகிறார்கள். தரை பெருக்குகிற அம்மாளும் வாசல் காக்கிற கிழவரும் அந்த 3,000 கணக்கிலேயே வரவில்லை. காண்டிராக்டரின் ஆட்களாம்!

"சட்டமே கேட்கிறதே, மாமா. இவ்வளவு கட்டடத்துக்கு இவ்வளவு கார் நிறுத்த இடம் விட்டால்தான் அனுமதி" என்றான். வாஸ்தவம். விதி அப்படித்தான் இருக்கிறது. அதையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் இடம் விடு என்று சொன்ன சட்டம், அதைச் சும்மா கொடு என்று எங்கே சொல்லிற்று? இது நாமாகச் செய்கிற தர்மம். அதுவும் இருப்பவனுக்கு இல்லாதவன் செய்கிற தர்மம்!

இந்தச் சாலையின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் அதில் படகேறிப் பட்டணம் வந்தன. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதன் பின்னால் கம்பெனிகள் சாரி சாரியாக வந்தன. பறக்கும் ரெயில் 2007-ல் வேளச்சேரிக்குத் திரும்பிவிட்டது. அதற்குத் தெற்கே சிறுசேரி வரையில் இருக்கிற காரியாலயங்களுக்கு ரெயில் இல்லை. ரெயிலுக்குப் பதில் 2008-ல் ஆறு வரிசைச் சாலை வந்தது. சாலை அகலமாயிற்று, நெரிசல் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டோம். சர்க்கரைத் தட்டைப் பெரிதாக்கினால் எறும்பு குறையும் என்று நம்பியவர்களின் சந்தோஷம் அது! மெட்ரோ ரெயிலுக்கு இப்போது வேலை நடந்து வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் ரெயில் நிலையத்து வாசலிலேயே காரியாலயம் இருந்தாலும், உள்ளே காருக்கு இலவச இடம் காத்திருந்தால் கார்க்காரன் ஏன் ரெயிலைத் திரும்பிப் பார்க்கப் போகிறான்?

பழைய காரியாலயத்தில் பத்து வருஷமாகக் காரில் வந்து பழகியவரைப் பார்த்து, "நாளை முதல் பஸ்ஸில் வாரும்" என்றால் அவருக்குக் கோபம்தான் வரும். வண்டி மாடு கூட, பழகிய வழியை விட்டு நகராது. ஆனால் புதிய காரியாலயம் என்றால் அத்தனை பேரும் புது வழி தேடியாக வேண்டும். எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, யாரோடு சேர்ந்து போவது என்று வீட்டுக்கு வீடு யோசனை நடக்கிற நேரம் அது ஒன்றுதான். அந்த முதல் வாரத்தில் எதைச் சுலபமாக்கி வைக்கிறோமோ, அது பழக்கமாகிவிடும். திறப்பு விழா முடிந்து ஆறு மாதம் கழித்துக் கமிட்டி போட்டுப் பிரயோஜனமில்லை.

இது கிழவனின் கனவு என்று நினைக்க வேண்டாம். கார் இல்லாவிட்டால் கால் இல்லை என்று நினைக்கிற அமெரிக்காவிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் 1992-ல் ஒரு சட்டம் வந்தது. வாடகைக்கு இடம் பிடித்துச் சிப்பந்திகளின் கார்களுக்குச் சும்மா கொடுக்கும் கம்பெனி, கார் வேண்டாம் என்பவருக்கு அந்த வாடகையை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் அப்படிச் செய்த எட்டுக் கம்பெனிகளை ஆராய்ந்து 1997-ல் எழுதினார். முன்பு 100 பேரில் 76 பேர் தனியாகக் காரோட்டி வந்தார்கள். பிறகு 63 பேர். யாரையும் யாரும் தடுக்கவில்லை. பணத்தைக் கையில் கொடுத்து, "காருக்குச் செலவழிக்கிறாயா, குடும்பத்துக்கா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

சியாட்டில் நகரில் கேட்ஸ் அறக்கட்டளை 2011-ல் புதிய கட்டடத்துக்குக் குடிபோயிற்று. அதற்கு முன் 100 சிப்பந்திகளில் ஏறக்குறைய 90 பேர் தனிக் காரில் வந்தவர்கள். சில வருஷங்களுக்குள் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சூட்சுமம் என்ன? கார் நிறுத்தக் கட்டணத்தை மாதத்துக்கு என்று வாங்காமல் அன்றன்றைக்கு என்று வாங்கினார்கள். மெஸ்ஸில் மாதச் சாப்பாட்டு டிக்கெட் வாங்கியவன் பசியில்லாவிட்டாலும் போய் உட்காருவான். கொடுத்த காசு வீணாகக் கூடாதே! அன்றாடம் காசு கொடுப்பவனோ, "இன்றைக்கு வேண்டுமா?" என்று ஒரு நிமிஷம் யோசிப்பான். அந்த ஒரு நிமிஷம்தான் வேண்டியது.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரசபை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பதினொன்றும் அதற்கு மேலும் கார் நிறுத்த இடம் வைத்திருக்கும் முதலாளிகளிடம் 2012 முதல் இடத்துக்கு இவ்வளவு என்று வரி வசூலித்தது. அந்தப் பணமும் சேர்ந்துதான் 2015-ல் அங்கே டிராம் பாதை நீண்டது. சென்னையில் 1953-ல் நாம் நிறுத்தினோமே, அதே டிராம்!

"எல்லாம் சரி, மழை பெய்தால்? குழந்தைக்குப் பள்ளியில் காய்ச்சல் என்று டெலிபோன் வந்தால்? வயசான தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டுமென்றால்?" என்று என் வாசகர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விகள். அவசரம் என்று வந்தால், பஸ்ஸில் வந்தவரைக் கம்பெனி தன் செலவில் டாக்ஸி வைத்து அனுப்பட்டும். அப்படி அவசரம் வருஷத்தில் எத்தனை நாள் வந்துவிடும்? அந்தச் சில நாட்களுக்காக மற்ற நாட்களெல்லாம் ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஒருவர் உட்கார்ந்து வர வேண்டுமா? நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், நடுநிசியில் வேலை முடிகிறவர்கள் ஆகியோருக்கு இடத்தை ஒதுக்கி வையுங்கள். அவர்களிடம் காசும் வாங்க வேண்டாம். நான் கேட்பது காரை ஒழிக்க அல்ல. காருக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியாவது காலுக்கும் கொடுங்கள் என்றுதான்.

ஆகவே அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன்: "கார் நிறுத்த நாளுக்கு இவ்வளவு என்று வை. அந்தப் பணத்தைக் காரில் வராதவர்களுக்குப் பங்கிட்டுக் கொடு. திருவான்மியூர் ரெயில் நிலையத்திலிருந்து கம்பெனி பஸ் விடு. எல்லோரையும் ஒரே மணிக்கு வரச் சொல்லாதே. முக்கியமாக, போர்ட்டிகோவில் டைரக்டரின் காருக்குத் தனி இடம் வைக்காதே. பெரியவர் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தால் சின்னவர்களுக்கு உபதேசமே வேண்டியிருக்காது."

"நிர்வாகத்திடம் சொல்லிப் பார்க்கிறேன், மாமா" என்றான்.

"திறப்பதற்கு முன்னால் சொல். பிறகு சொல்லாதே" என்றேன்.

வாசலுக்கு வந்தோம். கார் இறங்கும் சரிவைத் தவிர மனிதர் நடந்து வர வேறு வழி தென்படவில்லை. "பஸ்ஸில் வருகிறவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்?" என்று கேட்டேன். அவன் வரைபடத்தை விரித்து வெகுநேரம் தேடினான்.

அதற்குள் வேலை முடிந்த சித்தாள் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தலைச்சும்மாட்டை உதறிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி வந்தார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-ல் அரசாங்கம் செய்த ஏற்பாடு அவர்களுக்குத் தெரியும். ஆனால் பஸ் நிற்கிற இடத்தில் கூரை இல்லை. சாலை ஓரத்தில், வெயிலில், முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 900 காருக்கு நிழல் கட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.